புகைக்கு வயது ஒன்பது நாள்

அந்தக் காரைச் சுற்றி நான்கு பேர் நின்றார்கள். அவர்கள் தேடிக்கொண்டிருந்த ஐந்தாவது ஆள் ஏழு மாதமாக எங்குமே இல்லை.

பகல் பன்னிரண்டு மணி. ஒர்க்‌ஷாப்பின் தகரக் கூரை கொதித்துக்கொண்டிருந்தது. மெக்கானிக் சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஒருமுறை திணறி, இருமி, பிறகு பிடித்துக்கொண்டது. பின்னாலிருந்த குழாய் கறுப்பாகத் துப்பியது. எதிர்ச் சுவரில் ஏற்கெனவே இருந்த கரி வட்டத்தின் மேல் இன்னொரு வட்டம் படிந்தது. எரியாத பெட்ரோலின் நெடி கண்ணைக் கரித்தது.

"இது கார் இல்ல சார், செங்கல் சூளை. நாலு சக்கரத்தை மாட்டி விட்டிருக்காங்க" என்று மூக்கைப் பொத்தினாள் ரேடியோ.

ரேடியோ அவள் பெயர் அல்ல. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒட்டிக்கொண்டது. அவளுடைய முதலாளிக்கும் பெயர் பறிபோய் வெகுகாலம் ஆகிவிட்டது. இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய கார்களைப் பார்வையிட்ட மனிதர். அந்த வேலையை விட்டுத் துப்பறிய வந்த பிறகும் ஊருக்கு அவர் சர்வேயர்தான். கார் பொய் சொல்லி அவர் பார்த்ததில்லை. ஓட்டியவர்கள் உண்மை சொல்லியும் அதிகம் பார்த்ததில்லை.

சர்வேயர் புகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசல் பக்கம் மூன்றாவது ஆள் நின்றாள். கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோகும் வேன் ஓட்டுபவள். காரின் அருகே வர மறுத்துவிட்டாள். அது அவளுடைய அத்தானின் கார். அவளுடைய அக்காதான் அந்த ஐந்தாவது ஆள்.

'என்னைத் தேட வேண்டாம்' என்று டைப் செய்த ஒரு கடிதம். அதில் அக்காவின் கையெழுத்து. அத்தான் அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். வயதுவந்த பெண், சுயமாகப் போயிருக்கிறாள் என்று போலீஸ் கைகழுவியது. தங்கை மட்டும் நம்பவில்லை. ஆனால் நம்பாததற்குக் காரணம் எதுவும் அவளிடம் இல்லை. போன வாரம்வரை.

"மறுபடி ஒரு தடவை சொல்லுங்க. அந்த நோட்டுப் புத்தகத்தை எப்போ பார்த்தீங்க?" என்றார் சர்வேயர்.

"ஒன்பது நாள் முன்னாடி, செவ்வாக்கிழமை சார். மழை பெஞ்சுச்சு. வேன் நின்னுபோச்சு. அத்தான் வந்து ஏத்திக்கிட்டார். டிஷ்யூ எடுக்க டேஷ்போர்டைத் திறந்தேன். அந்த நோட்டு இருந்துச்சு. எத்தனை கிலோமீட்டர் ஓடுச்சு, எத்தனை லிட்டர் போட்டார், எல்லாம் வாராவாரம் எழுதி வெச்சிருந்தார். எனக்கு இதுதானே பொழப்பு, பார்த்ததும் கணக்கு வந்துடும். வாரத்துக்கு நூத்தி இருபது கிலோமீட்டர். பதினெட்டு லிட்டர்."

"அதுக்கு முன்னாடி?"

"பத்து லிட்டர். அக்கா போன வாரத்துலருந்து பதினெட்டு. அதே தூரம் சார். 'என்ன அத்தான், கார் இப்படிக் குடிக்குது'ன்னு கேட்டேன். சிரிச்சார். 'ஆமாம்மா, இன்ஜின்ல ஏதோ கோளாறு, காட்டணும்'னு சொன்னார். மறுநாள் தெருவுல பார்த்தா இந்தப் புகை."

"எடை மிஷின், மீட்டர் எல்லாத்தையும் சரிபார்த்து முத்திரை குத்துற லேப்லதானே உங்க அத்தானுக்கு வேலை?" என்றாள் ரேடியோ. "அரை கிராம் தப்புன்னா கடைக்காரன் கழுத்துல கத்தி வைக்கிற ஆளு. ஏழு மாசமா கார் எட்டு லிட்டர் கூடக் குடிக்குது, கண்டுக்கலையா?"

அதுதான் இந்த வழக்கில் இதுவரை அவர்களிடம் இருந்த ஒரே நூல்.

மெக்கானிக் இன்ஜினை அணைத்தார். சர்வேயருக்குப் பழக்கமானவர். சர்வேயர் கேட்டால் கேள்வி கேட்காமல் பானெட்டைத் திறப்பவர். காலையில் அந்த அத்தான் காரை விட்டுப் போனதும் போன் செய்தவரும் இவர்தான். போன வாரமே ஊரிலுள்ள எல்லா ஒர்க்‌ஷாப்புக்கும் சர்வேயர் அந்தக் காரின் நம்பரைக் கொடுத்து வைத்திருந்தார்.

"ரிச்சா ஓடுது அண்ணே. காத்து கம்மி, பெட்ரோல் ஜாஸ்தி. இரண்டரைக்கு வந்து எடுத்துக்கறேன்னு போயிருக்கார். இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்கு."

"என்ன காரணமா இருக்கும்?"

"முதல்ல ஏர் ஃபில்டர்தான். அடைச்சுக்கிட்டா காத்து வராது." பெட்டியைத் திறந்து ஃபில்டரை வெளியே எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். சுத்தமாக இருந்தது. "ஃபில்டர் குத்தமில்ல. வேற."

தூக்கிப் போடப் போனவரின் கையைச் சர்வேயர் பிடித்தார். ஃபில்டர் இருந்த பெட்டியின் மூலையில் விரல்விட்டு எதையோ எடுத்தார். வெள்ளையாக, பஞ்சு மாதிரி, இறகு மாதிரி ஒரு நூல்கொத்து. இன்னும் இரண்டு மூன்று இருந்தன. ஒரு தீப்பெட்டியில் போட்டு மூடினார்.

"தலையணை கிழிஞ்சிருக்கா சார்?"

ரேடியோ பதிலை எதிர்பார்க்கவில்லை. அவர் பேசாதபோது பேசுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம் என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

மெக்கானிக் அடுத்தடுத்துப் பார்த்தார். பெட்ரோல் ஒழுகவில்லை. பம்ப் அழுத்தம் சரியாக இருந்தது. பிறகு நான்கு பிளக்குகளையும் கழற்றி ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தார். நான்கும் அடுப்புக்கரி நிறத்தில் இருந்தன.

சர்வேயர் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தித் துடைத்தார். கரி விரலோடு வந்தது. அடியில் பீங்கான், பால் கலந்த காபி நிறத்தில் இருந்தது.

"பாருங்க" என்றார். அன்று காலையிலிருந்து அவர் குரல் உயர்ந்தது அப்போதுதான்.

மெக்கானிக் பார்த்தார். இன்னொரு பிளக்கைத் துடைத்தார். மூன்றாவதை. முகம் மாறியது. "இந்தக் காபி கலர் நல்ல இன்ஜினோட கலர் அண்ணே. இது படிய மாசக்கணக்கு ஆகும். மேல இருக்கிற கரி..."

"எத்தனை நாள்?"

"பத்து நாள் தாண்டாது." அவர் வேகமாக ஆயில் பார்க்கும் கம்பியை உருவி முகர்ந்தார். "ஏழு மாசம் ரிச்சா ஓடுச்சுன்னா ஆயில்ல பெட்ரோல் இறங்கித் தண்ணி மாதிரி ஆயிருக்கும். இது கெட்டியா இருக்கு. நாத்தமே கம்மி."

ஒர்க்‌ஷாப்பில் வெளியே ஒரு லாரி பின்பக்கம் நகரும் சத்தம் கேட்டது.

"அப்போ ஏழு மாசமா இன்ஜின் ஒழுங்கா இருந்திருக்கு" என்று மெல்லச் சொன்னாள் ரேடியோ. "பெட்ரோல் மட்டும் போயிருக்கு."

"பெட்ரோல் புகையா போகல. தூரமா போயிருக்கு" என்றார் சர்வேயர்.

தங்கை இப்போது காரின் அருகே வந்திருந்தாள்.

இன்ஜின் ஓரத்தில், தண்ணீர்க் குழாய் பிரியும் இடத்தில், கட்டைவிரல் அளவுள்ள ஒரு சென்சார் இருந்தது. மெக்கானிக் அதன் மூடியைக் கழற்றிச் சோதனை மீட்டரை வைத்தார். இன்ஜின் தொடமுடியாத சூட்டில் இருந்தது. மீட்டரோ, பனி கொட்டும் குளிரில் நிற்பதாகச் சொன்னது. வயரைப் பின்தொடர்ந்து போன அவர் விரல்கள், ஓரிடத்தில் நின்றன. கறுப்பு உறைக்குள் அரிசிமணி அளவுக்கு ஒரு வீக்கம். பிளேடால் கீறினார். உள்ளே ஒரு ரெசிஸ்டர், மின்னோட்டத்தைக் குறைக்கும் சின்னத் துண்டு.

"இன்ஜின் சூடாயிடுச்சா இல்லையான்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றதுதான் இந்த சென்சாரோட வேலை" என்று தங்கையிடம் விளக்கினார். "குளிரா இருந்தா அது பெட்ரோலைக் கூட ஊத்தும், சூடானதும் குறைக்கும். யாரோ சென்சாரோட வாயைக் கட்டிட்டு, இந்த அரிசிமணியைப் பேச வெச்சிருக்காங்க. இது எப்பவும் 'குளிருது, குளிருது'ன்னே சொல்லும்."

"பாவம், எப்பவும் விடிகாலைன்னு நெனச்சுக்கிட்டு ஊட்ட ஊட்டத் தின்னுக்கிட்டிருக்கு" என்றாள் ரேடியோ.

"எங்க ஆளுங்க வேலை இல்ல அண்ணே இது. நாங்க வயரை முறுக்கி டேப் சுத்துவோம். இது ஊசியால தைச்ச மாதிரி இருக்கு."

சர்வேயர் டேஷ்போர்டிலிருந்து அந்த நோட்டை எடுத்தார். கெட்டி அட்டை. ஒவ்வொரு வரியும் ஒரே உயரத்தில், அச்சடித்த மாதிரி எண்கள். முதல் பக்கத்தில் ஒரு குறிப்பு: 'வாகனத்தைச் சோதித்து ஓட்டுபவர் கிலோமீட்டரைக் குறிக்கவும்.'

"எனக்கும் சொல்லிட்டுத்தான் போனார். ஒர்க்‌ஷாப்புக்குள்ள ரெண்டடி நகர்த்தினாலும் எழுதணுமாம்" என்றார் மெக்கானிக்.

சர்வேயர் நோட்டின் மேல் பென்சிலை வைத்து மெதுவாக நகர்த்தினார்.

"இந்த ஒன்பது நாள்ல நூத்தி அறுபது கிலோமீட்டர் ஓடியிருக்கு. இருபத்தி நாலு லிட்டர் குடிச்சிருக்கு. அப்போ நூத்தி இருபதுக்கு?"

"பதினெட்டு" என்றாள் தங்கை உடனே. சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"அதேதான். ஏழு மாசமா எழுதின அதே பதினெட்டு. கெட்டுப்போன எந்த இன்ஜினும் இவ்வளவு துல்லியமாக் கெடாது. அந்த நோட்டுக்குப் பொருந்துற மாதிரி அளந்து கெடுத்திருக்கார்."

"ஒரு சந்தேகம் சார்" என்றாள் ரேடியோ. "இத்தனை பாடு எதுக்கு? பதினெட்டுன்னு எழுதற இடத்துல பத்துன்னு எழுதியிருந்தா ஒரு பய கேட்டிருக்கமாட்டான். பேனா இங்க்ல முடியற வேலை."

சர்வேயர் ஒரு பக்கத்தைத் திருப்பி அவளிடம் நீட்டினார். அங்கே ஓர் எண் தவறிப்போயிருந்தது. அளவுகோல் வைத்து ஒரே கோட்டால் அடித்து, மேலே சரியான எண், பக்கத்தில் சுருக்கக் கையெழுத்து, தேதி, நேரம்.

"இருபத்தஞ்சு வருஷம் லேப்ல உட்கார்ந்த கை இது. எண்ணைப் பொய்யா எழுத இதால முடியாது. எண் உண்மையா இருக்கணும்ங்கிறதுக்காக மத்த எல்லாத்தையும் பொய்யாக்கிட்டார்."

"அப்போ கிலோமீட்டர்? அந்தக் கூடுதல் தூரம் நோட்டுல இல்லையே?"

சர்வேயர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பழைய கார், பழைய மீட்டர். வேகமுள், அதன் கீழே ஓடிய தூரம், அதற்கும் கீழே பயணத்துக்குப் பயணம் பூஜ்யமாக்குகிற சின்ன மீட்டர். அந்தச் சின்ன மீட்டர் எப்போதோ செத்துப்போய், மூன்று எண்களும் பாதியில் தொங்கின. ஆனால் அதைப் பூஜ்யமாக்கும் குமிழ் மட்டும் விரல் பட்டுப் பட்டு மினுமினுத்தது.

"செத்த மீட்டரோட குமிழை எதுக்கு இவ்வளவு தொட்டிருக்கார்?" என்றார்.

நான்கு ஸ்குரூ. மெக்கானிக் மீட்டரை வெளியே இழுத்தார். குமிழின் பின்னால் கம்பெனி வைக்காத ஒரு பித்தளைத் துண்டு, கவட்டை மாதிரி, பல்சக்கரத்தைக் கவ்விக்கொண்டிருந்தது. சர்வேயர் குமிழை வெளியே இழுத்து, கேபிளை விரலால் சுற்றினார். வேகமுள் துள்ளியது. ஓடிய தூரம் அசையவில்லை.

"இழுத்தா கார் ஓடும், கிலோமீட்டர் ஓடாது" என்று மெக்கானிக் வாய்பிளந்தார். "என்னா வேலை அண்ணே இது! கெட்டிக்காரன்."

"கெட்டிக்காரனா?" என்றாள் தங்கை. அவள் குரலைக் கேட்டு மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார்.

சர்வேயர் அவள் பக்கம் திரும்பினார். "வாரத்துக்கு எட்டு லிட்டர். நல்ல இன்ஜின். லிட்டருக்குப் பன்னிரண்டு."

"தொண்ணூத்தி ஆறு" என்றாள் அவள். "போக நாப்பத்தெட்டு, வர நாப்பத்தெட்டு."

"வாராவாரம் போயிருக்கார். செத்தவங்களைப் பார்க்க யாரும் வாராவாரம் பெட்ரோல் போடறதில்லை."

அவள் காரின் கதவைப் பிடித்துக்கொண்டாள். அக்கா உயிரோடு இருக்கலாம் என்று ஏழு மாதத்தில் யாரும் அவளிடம் சொன்னதில்லை. ஆனால் சர்வேயரின் பென்சில் நோட்டின் கடைசி வரிகளில் நின்றுவிட்டதை ரேடியோ கவனித்தாள். அவர் அப்படி நிறுத்தினால் நல்ல செய்தியாக இருக்காது.

"என்ன சார்?"

"எப்பவும் சனிக்கிழமைதான் பெட்ரோல் போடுவார். நீங்க கேட்ட செவ்வாக்கிழமை ராத்திரி மட்டும் தனியா ஒரு தடவை போட்டிருக்கார்." அவர் தங்கையைப் பார்க்காமல் பேசினார். "கேள்வி கேட்டதும் அன்னிக்குச் சாயங்காலமே ஒரு தடவை போய்ட்டு வந்திருக்கார். வந்து இந்த ரெசிஸ்டரை வெச்சிருக்கார். அதுக்கப்புறம் குடிச்ச பெட்ரோல் எல்லாம் புகையில சரியாப் போச்சு. ஒன்பது நாளா கார் ஊரைத் தாண்டல."

ஒன்பது நாளாக அங்கே சோறும் போகவில்லை என்பது ஓர் அர்த்தம். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அங்கே போகவேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது என்பது இன்னொன்று. இரண்டும் அந்தத் தகரக் கூரையின் கீழே அவர்களோடு நின்றன.

"நான் கேட்டதாலதான்" என்றாள் தங்கை. "நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா..."

"நீங்க கேட்டதாலதான் நாங்க இங்க நிக்கிறோம். அழறதை வேன்ல வெச்சுக்கலாம், முதல்ல ரோடு சொல்லுங்க" என்றாள் ரேடியோ. "நாப்பத்தெட்டுல என்ன இருக்கு?"

வேன்காரி கண்ணைத் துடைத்தாள். "வடக்கே போனா முப்பதுலயே பாலம் உடைஞ்சு கிடக்கு. கிழக்கே நாப்பதுல கடல். தெக்கே பெரிய ரோடு, நாப்பத்தெட்டுல சந்தை, ஜனம் மொய்க்கும். மேற்கே கால்வாய் ரோடு..."

சர்வேயர் தீப்பெட்டியைத் திறந்து காட்டினார். வெள்ளைப் பஞ்சு.

"நாணல் பூ" என்றாள் அவள். "கால்வாய் ஓரம் பூரா நாணல்தான். அங்கே பழைய பம்பிங் ஸ்டேஷன் இருக்கு. அத்தான்தான் அங்க தண்ணி மீட்டர் பார்க்கப் போவார். இழுத்து மூடி ரெண்டு வருஷம் ஆச்சு."

சர்வேயர் எழுந்தார். "எல்லாத்தையும் பழையபடி மாட்டிடுங்க" என்றார் மெக்கானிக்கிடம். "ரெசிஸ்டர் அங்கேயே இருக்கட்டும்."

"புகையுமே அண்ணே!"

"புகையட்டும். இரண்டரைக்கு வருவார். இன்ஜின் ரிச்சா ஓடுது, சாமான் வர ஒரு வாரம் ஆகும்னு எழுதி, கையெழுத்து போட்டு, சீல் குத்திக் கொடுங்க. அந்தக் காகிதத்துக்காகத்தான் காரை இங்க விட்டிருக்கார். அது கைக்கு வந்தா பயம் போயிடும்."

பிறகு மீட்டர் பக்கம் குனிந்தார். அரை நிமிடம் அவர் முதுகு மட்டும் தெரிந்தது. நிமிர்ந்தபோது எதையோ சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"என்ன சார் அது?"

சர்வேயர் வெளியே நின்று போலீஸுக்குப் போன் செய்தார். நான்கே வாக்கியம். எதிர்முனை நெடுநேரம் பேசியது. "பெட்ரோல் கணக்கை வெச்சுக் கதவை உடைக்க முடியாது, சரி. முகவரியும் உறுதியில்லை, சரி. இரண்டரைக்கு ஒர்க்‌ஷாப் தெருவுல ஒரு ஜீப் நிக்கட்டும். ஒரு கார் கிளம்பும். கண்ணுக்கு எட்டுற தூரத்துக்குப் பின்னாலயே வாங்க. தொலைக்கணும்னு நெனச்சாலும் தொலைக்க முடியாது."

மெக்கானிக்கிடம் இரும்பு வெட்டும் பெரிய கத்தரியை வாங்கிக்கொண்டு மூவரும் வேனில் ஏறினார்கள்.

வேனுக்குள் ரொட்டி வாசனை. மதியம் கொண்டுபோக வேண்டிய தட்டுகள் பின்னால் குலுங்கின. கடைகளிலிருந்து போன் மேல் போன் வந்தது. வேன்காரி எடுக்கவில்லை. கால்வாய் ரோடு குண்டும் குழியுமாக இருந்தது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு நாணல், தலையில் வெள்ளைப் பூவோடு. காற்றில் பிய்ந்து வந்து கண்ணாடியில் ஒட்டியது. எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை. ரேடியோ இரண்டு முறை பேச வாயெடுத்து, வேன்காரியின் கைகள் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

மூன்றே கால் மணிக்குப் பம்பிங் ஸ்டேஷன் தெரிந்தது. தனிக் கட்டடம். ஜன்னல்களைச் செங்கல்லால் அடைத்திருந்தார்கள். இரும்புக் கதவு முழுக்கத் துரு. அதில் தொங்கிய பூட்டு மட்டும் புதுசு.

வேனைக் கட்டடத்தின் பின்பக்கம் நிறுத்தினார்கள். பூட்டு கெட்டியானது. வெட்டி எடுக்கக் கால்மணி நேரம் பிடித்தது. உள்ளே ஈரமும் கிரீஸும் கலந்த நாற்றம். பெரிய பம்புகள் இருட்டில் மிருகங்களைப் போலப் படுத்திருந்தன. தரையில் தூசி. தூசியின் நடுவே ஒரே ஒரு ஆளின் தடம், போன தடத்தின் மேலேயே மறுபடி மறுபடி மிதித்து, ஒற்றையடிப் பாதையாகக் கடைசி அறைக்குப் போனது.

அந்தக் கதவில் வெளித் தாழ்ப்பாள். வேன்காரி முன்னால் போய், தாழ்ப்பாளில் கை வைத்து, அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே சத்தம் இல்லை.

"அக்கா" என்றாள். கூப்பிட்ட மாதிரி இல்லை. கேட்ட மாதிரி இருந்தது.

பிறகு உள்ளேயிருந்து, வெகுநாள் பேசாத தொண்டையில், "இன்னும் நாலு ஆகலையே" என்றது ஒரு குரல்.

கதவு திறந்தது. கூரைக்கு அருகே கையளவு துவாரத்திலிருந்து விழுந்த வெளிச்சத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். கன்ன எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. தலைமுடியை ஒழுங்காகப் பின்னியிருந்தாள். தங்கையைப் பார்த்தாள். நம்பவில்லை. தங்கை மண்டியிட்டு அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டபோதுதான் நம்பினாள்.

"நீ எப்படிடி வந்தே? உன்னையும் பூட்டிட்டாரா?"

"இல்லக்கா. இல்ல. எழுந்திரு. வா."

ரேடியோ சுவரைப் பார்த்தாள். அங்கே ஓர் அலமாரி. ஒன்பது காலி உணவுப் பொட்டலங்கள், மடித்து அடுக்கியவை. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. அச்சடித்த மாதிரி எண்கள். தேதி, எடை, சாப்பிட வேண்டிய நேரம். ஒன்பதாவது சீட்டில் இன்றைய தேதி இருந்தது.

"கடைசியா வந்தப்போ ஒன்பது வெச்சுட்டுப் போனார்" என்றாள் அக்கா, அவள் பார்வையைப் பின்தொடர்ந்து. "எப்பவும் ஏழுதான் வைப்பார். ஒன்பதாம் நாள் நாலு மணிக்கு வர்றேன்னு சொன்னார். அவர் சொன்னா சொன்ன நேரம்தான்."

சர்வேயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று ஐம்பது.

"எதுக்கும்மா இப்படிப் பண்ணார்?" என்றாள் ரேடியோ.

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "நான் கிளம்பறேன்னு சொன்னேன். எவ்வளவு தூரம்னு கேட்டார். தெரியலைன்னு சொன்னேன். அளவு தெரியாத தூரம் எல்லாம் வேண்டாம்னார்."

அவளைத் தாங்கிக்கொண்டு பின்பக்கமாக வெளியே வந்தார்கள். வெளிச்சம் அவள் முகத்தைச் சுருங்கவைத்தது. வேனின் பின்கதவைத் திறந்தபோது பின்வாங்கினாள். "உள்ளே வேண்டாம். முன்னால உட்கார்றேன்." முன்னிருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியை முழுக்க இறக்கினாள். தங்கை ஒரு ரொட்டியைக் கையில் வைத்தாள். அவள் பிய்த்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சீட்டு எங்கே என்று தேடுகிறாளோ என்று ரேடியோவுக்குத் தோன்றியது.

"சார், கிளம்பலாம். வேன் தயார்."

சர்வேயர் கட்டடத்தின் மூலையில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோடு கால்வாயை ஒட்டி நேர்க்கோடாகக் கிடந்தது. வெகுதூரத்தில், வெள்ளை நாணல்களுக்கு மேலே, வானத்தில் கரியால் கிழித்த மாதிரி ஒரு கோடு எழுந்து இவர்களை நோக்கி வளர்ந்துகொண்டிருந்தது.

இன்ஜின் சத்தம் இன்னும் கேட்கவில்லை.

"அதுக்குத்தான் ரெசிஸ்டரைக் கழட்ட வேண்டாம்னீங்களா?" என்று கிசுகிசுத்தாள் ரேடியோ. "நமக்கும் தெரியும், பின்னால வர்ற ஜீப்புக்கும் தெரியும்."

"அவரே கொளுத்திக்கிட்டு வர்ற புகை. நாம எதுக்கு அணைக்கணும்?"

"இருக்கறது ஒரே ரோடு. இப்போ வேனை எடுத்தா எதிர்லயே போய் முட்டுவோம். என்ன பண்ணப் போறீங்க?"

"ஜீப் வர்ற வரைக்கும் அவரை நிறுத்தி வைக்கணும்."

"எதை வெச்சு? இரும்புக் கத்தரியாலயா?"

சர்வேயர் பையிலிருந்து அதை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். கவட்டை மாதிரி ஒரு பித்தளைத் துண்டு.

அவள் அதைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். குமிழ் இருக்கிறது. இழுத்தால் வரும். கவ்வ வேண்டியது மட்டும் இங்கே இருக்கிறது.

நான்கு அடிக்க ஒரு நிமிடம் இருக்கையில் கார் கதவின் முன்னால் வந்து நின்றது. சாவியைத் திருப்பிய பிறகும் இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டுத்தான் அடங்கியது. உள்ளே ஒரு மெலிந்த மனிதர், இஸ்திரி கலையாத சட்டை. பக்கத்து இருக்கையில் ஒன்பது பொட்டலங்கள். அவற்றின் மேல் மெக்கானிக் சீல் குத்திய காகிதம். கட்டடத்தை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அறுந்த பூட்டு தெரிந்திருக்கும். கார் நின்றதும் இருபத்தைந்து வருடப் பழக்கம் அவர் கையை டேஷ்போர்டுக்குக் கொண்டுபோனது. நோட்டை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார். மீட்டரைப் பார்த்தார்.

பேனா அந்தரத்தில் நின்றது.

குமிழைத் தொட்டார். அது வெளியே இழுத்தபடிதான் இருந்தது. உள்ளே தள்ளினார். மறுபடி இழுத்தார். மீட்டரை விரலால் மெல்லத் தட்டினார். ஏறிய எண்கள் அப்படியே இருந்தன. ஊரிலிருந்து இங்கே வரை ஒன்றுவிடாமல் எண்ணியிருந்தன.

சர்வேயர் ஜன்னலுக்கு வெளியே போய் நின்றார். அந்த மனிதர் திடுக்கிடவில்லை. தலையை மட்டும் திருப்பினார்.

"நாற்பத்தெட்டு புள்ளி இரண்டு" என்றார், ஏதோ ஒரு கருவியைக் குறை சொல்வது போல.

"எழுதுங்க" என்றார் சர்வேயர்.

நாணல் உரசிக்கொள்ளும் சத்தம் கேட்டது. எழுதாமல் மூடிவைக்கலாம். கிழித்துக் கால்வாயில் எறியலாம். சாவி கையில்தான் இருந்தது, கிளப்பிக்கொண்டு போகலாம். அவர் கண்கள் இதையெல்லாம் நினைத்துப் பார்த்தது தெரிந்தது. ஆனால் வரி காலியாக இருந்தது. காலியான வரியை விட்டு அவரால் நகர முடியவில்லை.

எழுதினார். எண், தேதி, நேரம், இடம். இடத்தின் கட்டத்தில் ஒரு கணம் தயங்கி, பம்பிங் ஸ்டேஷன் என்று தெளிவாக எழுதினார். சுருக்கக் கையெழுத்திட்டார்.

"அந்த ரெசிஸ்டர்... பதினெட்டு சரியா வந்துச்சா?" என்று கேட்டார்.

"ரொம்பச் சரியா" என்றார் சர்வேயர். கையை நீட்டி நோட்டை வாங்கிக்கொண்டார்.

அறுந்த பூட்டின் மேல் இப்போதுதான் அந்த மனிதரின் பார்வை விழுந்தது. அதே நேரம், அவரே விட்டுவந்த கரும்புகைக்குள்ளிருந்து ஜீப் வெளியே வந்தது.

பின்பக்கம் வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. அது கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு காரைக் கடந்தது. முன்னிருக்கையில் இருந்தவள் கடைசி முறையாகக்கூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடி வழியே கையை வெளியே நீட்டியிருந்தாள். காற்றில் வந்த நாணல் பூ ஒன்று விரலில் பட்டதும் அதைப் பிடிக்காமல் விட்டாள்.

"எங்கக்கா போகணும்?" என்று தங்கை கேட்பது காதில் விழுந்தது.

"நீ ஓட்டு" என்றாள் அவள். "தூரம் பார்க்காதே."